ஹால்வரின் பாதங்கள்

பனிவீட்டுச் சுவரில் பதித்த ஐஸ்கட்டி வழியாக நடுப்பகல் வெளிச்சம் நீலமாய் இறங்குகிறது. விளக்கில் சீல் கொழுப்பு மெல்லப் பொரிகிறது. அதனருகே நிவியாக், தோல்சட்டையை உயர்த்தி, கடல்வழி தேடிக் கப்பலில் வந்த ஹால்வரின் இரண்டு பாதங்களையும் தன் வெறும் வயிற்றில் அழுத்திப் பிடித்திருக்கிறாள். பனியில் உறைந்து மெழுகாய் வெளுத்த பாதங்கள். கல்லை அணைத்தது போலிருக்கிறது அவளுக்கு. "நான் தச்சுக் குடுத்த காலணி எங்கடா? உன் சீமை பூட்ஸோட எதுக்குப் பனியில போன?" அவன் தாடியில் உருகும் நீரைத் துடைத்துக்கொள்கிறான். குளிர்காலமெல்லாம் கற்ற அவர்கள் பேச்சு இப்போது திக்குகிறது. "எங்கம்மாகிட்ட காட்டணும்னு பத்திரமா எடுத்து வச்சேன் அக்கா." நிவியாக் அவனையே பார்க்கிறாள். "என் காலை ஒருநாளாவது இப்படி வச்சிருக்கியா நீ?" என்று கேலி செய்கிறான் அவள் கணவன் உக்பிக். ஆனால், கால்விரல் செத்துக் கறுத்தால் வெட்ட வேண்டுமே என்று கத்தியைத் தீட்டியபடியேதான் சிரிக்கிறான். திடீரென்று ஹால்வர் துள்ளுகிறான். "ஐயோ, எரியுது! விடுங்க அக்கா, உயிர் போகுது!" "போகலடா, வருது. நல்லாக் கத்து!" என்று கண்கள் நனையச் சிரித்துக்கொண்டே, அவள் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறாள்.