கிடக்கிற சட்டம்

"அம்மா, என்ரை பாஸ்போட்டைக் கண்டனீங்களோ?"

மாடியிலிருந்து றொக்சன் கத்தினான்.

"நான் காணேல்லை ராசா!" என்ற அக்னெஸ், அரிசி வாளியைக் காலால் மெல்ல மேசைக்கு அடியில் தள்ளினாள். நாளைக் காலை அவனுக்கு விமானம். குவாத்தமாலாவில் இரண்டு கிழமை.

தேநீர் குடித்துக்கொண்டிருந்த சிசிலி அதைக் கண்டுவிட்டாள். மொன்றியலுக்குப் பக்கத்து ஊரான லவாலில் இருப்பவள். ஞாயிறு பூசையில் பழக்கமாகி ஒரு வருடம்தான் என்றாலும், பொல்லாத கண் அவளுக்கு.

"என்னக்கா, பாஸ்போட்டை ஒளிச்சே வைச்சிருக்கிறியள்?"

அக்னெஸ் குரலைத் தாழ்த்தினாள். "அந்த நாட்டிலை பதினெட்டு வயசு தாண்டின பெடியள் படையிலை சேரவேணுமெண்டு சட்டம் இருக்கு, சிசிலி. இன்ரநெற்றிலை வாசிச்சனான்."

"இருக்கட்டுமே. இப்ப விருப்பமானவைதானே சேருகினம்? அது சும்மா கிடக்கிற சட்டம்."

"கிடக்கிறது எழும்பாதோ? ஊரிலை என்ரை தம்பியைச் சந்தியிலை வைச்சுப் பிடிச்சவை, ரெண்டு நாளிலை விடுறம் எண்டுதான் சொன்னவை. முப்பது வருஷமாச்சு."

போனால் பிள்ளை திரும்பி வரமாட்டான் என்ற பயம் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

சிசிலி சிரித்துவிட்டாள். "மடியிலை கனமிருந்தால்தானேயக்கா வழியிலை பயம்? அது அந்த நாட்டுப் பிள்ளையளுக்கான சட்டம். மொன்றியல் பனிக்குள்ளை வளந்த உங்கடை பெடியனை அவங்கள் என்னத்துக்குப் பிடிக்கப்போறாங்கள்?"

அக்னெஸ் வாளியை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினாள்.

படியிறங்கி வந்த றொக்சன் தாயின் முகத்தைப் பார்த்தான். பிறகு நேரே குனிந்து அரிசி வாளிக்குள் கையை விட்டான். நகையோ சாவியோ, அம்மா எதை ஒளித்தாலும் அதற்குள்தான் ஒளிப்பாள் என்பது அவனுக்குத் தெரியாதா? பாஸ்போட்டை எடுத்து, ஒட்டியிருந்த அரிசியைத் தட்டி, மேசையில் வைத்தான்.

சிசிலி அதை ஆவலாக விரித்தாள். படம் வடிவாயிருக்கு என்று சொல்ல வந்தவள், 'பிறந்த இடம்: குவாத்தமாலா' என்ற வரியைக் கண்டதும் அக்னெஸை நிமிர்ந்து பார்த்தாள்.

றொக்சன் அக்னெஸின் தோளை அணைத்துக்கொண்டான்.

"பயப்பிடாதேங்கோ அம்மா. ஆமியும் என்னைப் பிடிக்காது, என்னைப் பெத்தவவும் பிடிச்சு வைக்கமாட்டா. அவவின்ரை முகத்தை ஒருக்காப் பாத்திட்டு, என்ரை அம்மாவிட்டைத்தானே வரப்போறன்."