வாங்களேன்

அடிலெய்டிலிருந்து டார்வின் வரையிலான மூவாயிரம் கிலோமீட்டரை லட்சுமணன் இருபத்திரண்டு ஸ்டேஜ்களாகப் பிரித்திருந்தார்.

ஐயப்பன்தாங்கல் பணிமனையில் முப்பத்தோர் ஆண்டுகள் மாநகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவருக்கு, எந்தச் சாலையையும் வேறு விதமாகப் பிரிக்கத் தெரியாது. நூறு பக்க நோட்டில் கோடு போட்டுக் கட்டம் கட்டியிருந்தார். ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் நேரே தூரம், டீசல், தண்ணீர், கங்காரு குறுக்கே வரக்கூடிய நேரம்.

"நம்மூரு மாடு ஹாரன் அடிச்சா நவுராது. கங்காரு ஹாரனைக் கேட்டா கிட்ட வந்து பாக்குமோ இன்னாமோ," என்றார்.

எதிரே அமர்ந்திருந்த மாடிவீட்டுக் கிருபாகரன் சிரிக்க முயன்றார்.

"பெங்களூருல இம்மாம் வெயிலா சார்? கறுத்துப்போய்க் கீறீங்க," என்று உள்ளே நுழையும்போதே லட்சுமணன் கேட்டிருந்தார். மகள் வீட்டு மொட்டைமாடி, காலை நடை, குழந்தையோடு பூங்கா எனக் கிருபாகரன் மூன்று காரணங்கள் சொன்னார். ஒன்றே போதுமானதாயிருந்திருக்கும்.

எல்லாம் ஒரு சொல்லால் வந்தது.

சென்ற கிறிஸ்துமஸுக்குக் கீழ்வீட்டு லட்சுமணனிடம் கேக் கொடுக்கப் போனபோது, மகன் டேனி அடிலெய்டுக்கு அழைத்திருப்பதையும், அங்கிருந்து காரிலேயே பாலைநிலத்தைக் கடக்கும் திட்டத்தையும் கிருபாகரன் சொன்னார். சொல்லி முடித்துப் படியேறும்போது, "நீங்களும் வாங்களேன்," என்றார்.

பாடநூல்களுக்கு மெய்ப்புத் திருத்தியே தலை நரைத்தவர் அவர். 'வாங்க' என்பது அழைப்பு. 'வாங்களேன்' என்பது உபசாரம். இரண்டுக்கும் இடையே இருப்பது ஓர் 'ஏன்' மட்டுமே. கேட்பவர், "அதுக்கென்ன, பாக்கலாம்," என்று சொல்லிச் சிரித்துவிட வேண்டும். அதுதான் வழக்கு.

லட்சுமணன் சிரிக்கவில்லை. "ஸ்டாப்பிங்கே இல்லாத ரோடா சார்?" என்று மட்டும் கேட்டார்.

பிப்ரவரியில் பாஸ்போர்ட் எடுத்தார். "இங்க ஓட்டுனது பத்தலியா உனுக்கு?" என்று மனைவி வரலட்சுமி கேலி செய்ததை, பாராட்டுப் பத்திரம் வாசிப்பதைப் போல் வந்து சொன்னார். பாஸ்போர்ட்டை அவர் முதலில் காட்டியது கிருபாகரனிடம்தான்.

காரில் உங்களுக்கு இடமில்லை, இது குடும்பப் பயணம் என்று அன்றே சொல்லியிருக்கலாம். டேனிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை, அடுத்த ஆண்டுதான் என்றார் கிருபாகரன்.

அடுத்த ஆண்டு என்றதும் லட்சுமணன் நோட்டு வாங்கினார்.

"இன்னிக்காவது அவர்கிட்ட சொல்லிடுங்க," என்று கோயிலிலிருந்து திரும்பும் வழியில் மனைவி ஹில்டா சொல்லியிருந்தாள். சொல்ல வேண்டிய வாக்கியத்தைக் கிருபாகரன் மனத்துக்குள் நான்கு முறை திருத்தி வைத்திருந்தார். அதில் பிழையே இல்லை. வாய்க்குத்தான் வரவில்லை.

"வண்டி அஞ்சு சீட்டுதானே?" லட்சுமணன் பக்கத்தைத் திருப்பினார். "தண்ணி கேன் எல்லாம் டிக்கியில போட்றணும் சார். சீட்டு மேல வெக்கக் கூடாது. அது ஆளு குந்துற எடம்."

கிருபாகரன் டீயை எடுத்தார். ஆறியிருந்தது.

பதினான்காம் ஸ்டேஜில் லட்சுமணனின் விரல் நின்றது. "இங்க ஒரு பங்க் கீது. இத்த வுட்டா இருநூறு கிலோமீட்டருக்கு ஒண்ணியும் இல்ல. அதனால இங்க ஃபுல் டேங்க்."

பிழையைக் கண்ட இடத்திலேயே திருத்திவிடுவது முப்பதாண்டுப் பழக்கம்.

"அதை மூடிட்டாங்க. முந்தின ஊர்லயே போட்டுக்கணும்."

சொல்லி முடித்த பிறகுதான், தாம் சொன்னது கிருபாகரனின் காதில் விழுந்தது.

பம்பைச் சுற்றிக் கிடந்த சங்கிலி. வெயிலில் வெளுத்த பலகை. 'நல்லவேளை, அங்கேயே போட்டோம்' என்று, தாம் ஓட்டும்போது பக்கத்து இருக்கையில் சிரித்த டேனி. பின்னிருக்கையில் ஹில்டாவுக்கும் மருமகளுக்கும் நடுவே, பெல்ட் மாட்டி உட்காரவைத்திருந்த தண்ணீர் கேன். இவற்றையெல்லாம் பார்த்து மூன்று வாரம்கூட ஆகவில்லை.

சமையலறையில் வரலட்சுமியின் பாத்திரச் சத்தம் நின்றது.

லட்சுமணன் நிமிரவில்லை. பதினான்காம் கட்டத்தை ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் 'மூடல்' என்று எழுதினார். எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. நோட்டை மூடிப் பேனாவை அதன்மேல் வைத்தார்.

பிறகு தம் வலக்கையை மேசைமேல் நீட்டி, கிருபாகரனின் வலக்கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஓட்டுநர் சன்னலில் வெந்த கை அது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, இடக்கையைவிட ஒரு மடங்கு கூடுதல் கறுப்பு. பக்கத்தில் கிருபாகரனின் வலக்கையும் அப்படியே இருந்தது. அவருடைய இடக்கை மாநிறமாக, டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டிருந்தது.

உள்ளே நுழைந்தபோது லட்சுமணன் பார்த்தது முகத்தை அல்ல.

"எனுக்கு இந்தக் கலர் வர ரெண்டு வருசம் ஆச்சு சார்," என்றார்.

கிருபாகரன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

லட்சுமணன் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நெசமாவே ஸ்டாப்பிங்கே இல்லியா சார்?"