கரண்டியின் முதுகு

இதை நான் நேரில் பார்க்கவில்லை. பாரிஸில் லா சப்பலில் தொலைபேசிக் கடை வைத்திருக்கும் சுகந்தன் அண்ணை சொன்னது. கோபத்தில் சொன்னதால் ஒன்றிரண்டு சொல் கூடியிருக்கலாம்.

கோபம், பக்கத்து நகைக்கடை இராஜதுரை மேல்.

"பொய் சொல்லாத மனுசன் எண்டு சனம் கொண்டாடுது. ஒரு கலியாண வீட்டிலை மாப்பிள்ளையின்ரை சங்கிலியைப் பாத்து, 'இது செம்பு' எண்டு சபையிலையே சொன்ன ஆள். அந்த ஆள் சொன்ன பொய்யை நான் என்ரை கண்ணாலை பாத்தன்."

"பொய்யைக் கண்ணாலை எப்பிடி அண்ணை பாக்கிறது?"

"பகிடி விடாமல் கேள்."

தன் தங்கையின் தாலிக்கொடிக்குச் சொல்லிவைக்கச் சுகந்தன் அண்ணை அந்த நகைக்கடைக்குப் போயிருந்தாராம். மத்தியானம். மேலே பாலத்தில் மெத்ரோ ரயில் போகும்போதெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் சங்கிலிகள் மெல்ல நடுங்கும். பிறகு, நித்திரையில் புரண்டு படுத்தவை போல அடங்கும்.

இரண்டு பெண்கள் உள்ளே வந்தார்கள். ஒருவர் வசந்தரூபி. மற்றவர் அவருடைய மகனின் மாமியார் தில்லைநாயகி. இருவருக்கும் பொதுவாக ஒரு பேரன். வருகிற ஞாயிறு அவனுக்கு முதல் சோறு ஊட்டுகிறார்கள். வெள்ளிக் கரண்டியால்தான் தீத்த வேண்டும், அதையும் தகப்பன் பக்கம்தான் கொண்டுவர வேண்டும் என்பது அவர்கள் வழக்கம்.

வசந்தரூபி கைப்பையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்தார். காம்பில் பூ வேலைப்பாடு. பழைய பொருட்கள் விற்கும் சந்தையில் வாங்கியது.

"பேரன்ரை பேரை வெட்டித் தாங்கோ அண்ணை. நல்ல வெள்ளி. பின்னாலை எண்பத்திநாலு எண்டு குத்தியிருக்கு பாருங்கோ. பவுணிலை தொள்ளாயிரத்துப் பதினாறு குத்துற மாதிரி."

"சந்தையிலை வெள்ளியும் விக்கினமோ மச்சாள்? நான் கத்தரிக்காய்தான் கண்டிருக்கிறன்" என்றார் தில்லைநாயகி. "அண்ணை, நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ. தகரமெண்டா என்ரை பேரன்ரை வாயிலை வைக்க விடன். எங்கடை வீட்டுக் கரண்டியாலை தீத்துவம்."

வசந்தரூபி கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

இராஜதுரை லென்ஸைக் கண்ணில் வைத்தார். மெத்ரோ ஒன்று போனது. கரண்டியின் குழிக்குள் கடை முழுவதும் தலைகீழாக மிதந்தது. நான்கு பேரும் கூரையில் நின்றார்கள்.

"வெள்ளிதான் அக்கா" என்றார் இராஜதுரை. "பழைய பிரெஞ்சு வெள்ளி. நல்ல சாமான்."

வசந்தரூபியின் கை வாரை விட்டது.

"சனிக்கிழமை வாங்கோ. பேரை வெட்டி மினுக்கித் தாறன்."

அவர் இருவரையும் வாசல்வரை அனுப்பப் போன நேரத்தில், மேசையில் குப்புறக் கிடந்த கரண்டியின் முதுகைச் சுகந்தன் அண்ணை படம் எடுத்துத் தேடிப் பார்த்திருக்கிறார். ஒரு சின்னச் சதுரம். அதற்குள் செய்தவரின் எழுத்துகள். பக்கத்தில் எண்பத்திநாலு.

தொலைபேசி சொன்னது இதுதான்: பிரான்சில் வெள்ளி முலாம் பூசுகிறவர்கள் தங்கள் முத்திரையைச் சதுரத்துக்குள் குத்துவார்கள். எண்பத்திநாலு என்பது தரம் இல்லை. ஒரு டசின் கரண்டிக்கும் ஒரு டசின் முள்ளுக்கரண்டிக்கும் சேர்த்து மேலே பூசிய வெள்ளியின் கிராம்.

"அண்ணை, இது வெறும் முலாம்."

"தெரியும் தம்பி."

"பிறகேன் வெள்ளியெண்டு சொன்னனியள்?"

"தங்கச்சின்ரை கொடிக்கு என்ன பதக்கமெண்டு சொன்னனி?"

சுகந்தன் அண்ணை கொடியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

"கரண்டியிலை பொய் சொல்லுறவர் தாலியிலை சொல்லமாட்டாரோ? நீ படிச்சனி, சொல்லு."

எனக்கும் சரியாகப் படவில்லை. அந்த அம்மாவின் மானத்தைக் காப்பாற்றினார் என்றாலும், ஒருநாள் யாராவது திருப்பிப் பார்த்தால் அவமானம் இரட்டிப்பாகும் அல்லவா?

வசந்தரூபியின் மகன் லவன் என்னோடு படித்தவன். ஞாயிற்றுக்கிழமை பாரிஸுக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சதுரத்தைப் பற்றித் தெரிந்தவர் வேறு யாராவது வந்திருந்தால்?

கரண்டியின் நுனியில் நாலு பருக்கை. குழந்தை அதை நக்கிப் பார்த்து, ஏதோ கனவை நினைத்துக்கொண்டதுபோலச் சிரித்தது. எல்லோரும் சிரித்தோம்.

பிறகு தில்லைநாயகியே கரண்டியைத் தூக்கி ஒவ்வொருவருக்கும் காட்டினார். "எங்கடை மச்சாள் கொண்டுவந்தது. பழைய பிரெஞ்சு வெள்ளி. இராஜதுரை அண்ணையே பாத்துச் சொன்னவர்."

கடைசியில் அது என்னிடம் வந்தது.

"மினுக்கினாப்பிறகு முந்தியிலும் பாரமாய் வந்திருக்கு, பிள்ளை" என்றார் வசந்தரூபி. "அவரின்ரை கைராசி அப்பிடி."

சுகந்தன் அண்ணை சொன்ன அதே பூ வேலைப்பாடு. புதிதாக வெட்டிய குழந்தையின் பெயர். யாரும் பார்க்காத நேரம் திருப்பினேன்.

சதுரம் இல்லை. எண்பத்திநாலும் இல்லை. தலைக்கவசம் போட்ட ஒரு பெண்ணின் தலை, எள்ளளவில், பக்கம் பார்த்தபடி இருந்தது.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். அந்தத் தலை பிரெஞ்சு அரசின் முத்திரை. மெய்யான வெள்ளியில் மட்டும்தான் அதைக் குத்துவார்கள்.