புள்ளி வைத்த இடம்

அவர்கள் கேட்க வந்த பஸ் ஏற்கெனவே ஓடுகிறதாம்.

விஷாலினிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நகராண்மைக் கழகத்தின் இளையோர் கூட்டத்துக்கு அவளும் பக்கத்து வீட்டுச் சரணும் வந்ததே அந்த பஸ்ஸுக்காகத்தான். பஸ் இல்லாததால் மாலை வகுப்புக்கு இருக்க முடியவில்லை. மாலை வகுப்பு இல்லாவிட்டால் எஸ்.பி.எம். தேர்வில் கணக்கு அவளுக்கு அம்பேல்தான்.

கவுன்சிலர் சிவானந்தம் திரையில் வரைபடத்தைக் காட்டினார். சிவப்புப் புள்ளி ஒவ்வொன்றும் ஓர் இளைஞர். புள்ளிகள் அதிகம் உள்ள இடத்துக்கு பஸ் போகும்.

அவர்களுடைய குடும்பங்கள் வேலை பார்த்த பழைய தோட்டத்தில் புள்ளிகள் ஈயாக மொய்த்தன.

அங்கே தொழிலாளர் லயங்களை இடித்துச் செம்பனை நட்டபோது அவள் பிறக்கவே இல்லை. இப்போது அங்கே போகும் பஸ்ஸில் ஏறுவதற்குப் பாம்புதான் வரவேண்டும்.

அவர்கள் இருப்பது ஆற்றோரத்துப் பலகை வீடுகளில். சீக்கிரமே புது வீடு என்று சொல்லித் தோட்டக் கம்பெனி கொண்டுவந்து விட்ட தற்காலிக வீடுகள். திரையில் அங்கே ஒரு புள்ளிகூட இல்லை.

"ஐசியில உள்ள முகவரிய வெச்சுதான் புள்ளி போட்டிருக்கோம். நீங்க வேற இடத்துல இருந்தா சொல்லும்மா. முகவரிய மாத்திட்டா அடுத்த மாசமே பஸ்ஸ அங்க விட்டுடலாம் லா" என்றார் சிவானந்தம்.

விஷாலினி வாயைத் திறந்தாள். அப்பாவின் முகம் குறுக்கே வந்தது.

பலகை வீடுகளில் ஒருவரும் அடையாள அட்டையில் முகவரியை மாற்றியதில்லை. பிள்ளைகளுக்கும் அதே தோட்டத்து முகவரிதான். மாற்றினால் தோட்டத்து ஆள் இல்லை என்றாகி, வரவேண்டிய வீடு கைநழுவிப் போய்விடும் என்பார் அப்பா. சொல்லிச் சொல்லியே அவருக்குத் தலை நரைத்துவிட்டது.

வீடு வருமா என்று அவளுக்குத் தெரியாது. பஸ் வரும் என்று தெரியும்.

மேசைக்கடியில் சரண் அவள் காலை மிதித்தான். சொல் என்கிறானா, சொல்லாதே என்கிறானா?

விஷாலினி திரையில் தோட்டத்துப் புள்ளிகளைக் காட்டினாள்.

"நாங்க அங்கதான் சார் இருக்கோம்."

சிவானந்தத்துக்கு ஒரே சந்தோஷம். இத்தனை பேருக்கு ஒரு பஸ் எப்படிப் போதும், மாலையில் இன்னொன்றும் விடலாம் என்றார். மண்டபமே கைதட்டியது. விஷாலினியும் தட்டினாள்.

கைதட்டல் ஓய்ந்ததும், வீட்டுக்கு எப்படிப் போவது என்று சரண் மெல்லக் கேட்டான்.