சங்கிலிச் சட்டையின் அறுந்த வளையம்

போருக்கு அணியும், இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த சங்கிலிச் சட்டை கலகலப்பது அணிந்தவனின் நடையால் என்று அறிஞர்கள்கூட நம்புகிறார்கள். இந்தப் பெரும்பிழையை இனியும் பொறுப்பதற்கில்லை. அது பயத்தில் கலகலக்கிறது.

செர்பிய வீரன் ராதோஸ்லாவின் சட்டை பயப்படக் காரணம் இருந்தது. துரு போவதற்காக மணல் நிரப்பிய பீப்பாயில் போட்டு உருட்டியதில், அதன் அக்குளில் ஒரு வளையம் அறுந்துவிட்டது. மறுநாள் காலை போர்.

"கொல்லன் இப்ப வருவான். ஓட்டையைக் காட்டிடு தம்பி," என்றது தலைக்கவசம்.

"ஐயோ அண்ணே! ஒன்னை மாட்டறதுக்கு இடுக்கியால நாலைப் பிடுங்குவான். நீங்க ஒரே தகடு, உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கலகலத்தது சட்டை.

"அப்ப உள்ள இருக்கறவன் கதி?"

"அக்குள்தானே அண்ணே. கையைத் தூக்காம சண்டை போடட்டும்."

கொல்லன் வந்து புரட்டிப் பார்த்தான். சட்டை ஓட்டையை மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டு மூச்சைப் பிடித்தது. அவன் தட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

போர் முடிந்த பிறகு, அதே கொல்லன் அந்தச் சட்டையைக் குள்ளமான வேறொரு வீரனின் அளவுக்குக் குறைப்பதற்காக, இரண்டு பக்கமும் இடுக்கியால் வளையங்களைக் கழற்றிக்கொண்டிருந்தான்.