வீட்டில் நன்றாகப் பேசுவான்

"குளிக்க மாட்டேன் போம்மா. தண்ணி சுடுது. பாப்பா வந்தப்புறம் சேர்ந்து குளிக்கிறேன். பாப்பா எப்ப வரும்?"

குளியலறை எதிரொலியோடு மழலை கைப்பேசியில் பொரிந்து தள்ளியது. பேச்சுப் பயிற்சியாளருக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

மூன்று வயது நிறையப் போகும் பையன். இரண்டு முறை வந்தும் இந்த அறையில் ஒரு வார்த்தைகூட உதிர்க்கவில்லை. காது நன்றாகக் கேட்கிறது. ஆனால் பந்து வேண்டுமென்றால் விரல் நீட்டிக் காட்டக்கூட மாட்டான். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான்.

அதனால்தான் வீட்டில் பேசுவதைப் பதிவு செய்து வரச் சொல்லியிருந்தார். வீட்டில் வாயாடி, வெளியே வந்தால் ஊமைக்கோட்டான் என்று எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தவர் அவர்.

"நான்தான் சொன்னேனே மேடம், வீட்டுல நல்லாப் பேசுவான்னு," என்றாள் அம்மா. "இவனுக்கு ஒண்ணும் இல்லதானே?"

"இந்த வாய்க்குப் பயிற்சி எதுக்கும்மா? நமக்கே கத்துக்குடுப்பான் போலிருக்கே." பயிற்சியாளர் சிரித்தார். "பாப்பா எப்ப வரும்னு கேக்கறானே, எத்தனை மாசம்?"

அம்மா கைப்பையின் வாரை முறுக்கினாள். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம்."

ஏதோ சங்கடம் போலிருக்கிறது என்று அவரும் மேலே கேட்கவில்லை. "மூணு மாசம் கழிச்சு வந்தாப் போதும்," என்று பேனாவைத் திறந்தவர், அந்த மழலையை இன்னொரு தடவை கேட்கும் ஆசையில் பதிவை மறுபடி ஓடவிட்டார்.

தரையில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்த பையன் எழுந்தான். தங்கள் குரலைக் கேட்டால் பிள்ளைகள் கைப்பேசியைப் பிடுங்க ஓடி வருவார்கள். இவன் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தான். திரைச்சீலையை விலக்கினான். கதவுக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்துவிட்டு, அங்கேயும் யாரும் இல்லாததால் உதட்டைப் பிதுக்கினான்.

இது இவன் குரல் இல்லை என்று பயிற்சியாளருக்கு உறைத்தது. மூன்று மாதத்தை வீணடித்திருப்பேனே என்று தன்மேலேயே கோபம் வந்தது. பேனாவை மூடி வைத்தார்.

"வீட்டுலயும் இப்படித்தான் தேடுவானா?"

"தினமும் மேடம். நான் இதைப் போட்டுக் கேக்கறப்பல்லாம். கட்டிலுக்கு அடியில, அலமாரிக்குள்ள..." அம்மா பயிற்சியாளரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவனுக்கும் ஏதோ இருக்குன்னு சொல்லிடாதீங்க. இன்னொரு தடவை என்னால தாங்க முடியாது."

"யாரைம்மா தேடறான்?"

"இவன் அக்காவை. இவன் வயித்துல இருக்கறப்பவே போயிட்டா."