சமர்ப்பணப் பக்கம்

அவள் திரையில் கடைசி வரைபடத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் அப்பா அவளுடைய ஆய்வேட்டைத் திறந்தார்.

வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர்கள் பார்ப்பதற்காக வைத்திருந்த பிரதி. தயங்கித் தயங்கிக் கேட்டு வாங்கியிருந்தார்.

உறுதிமொழியில், ‘மாசிலாமணியின் மகள்’ என்ற இடத்தில் விரல் வைத்தார். பக்கத்திலிருந்தவரிடம் காட்டினார்.

பக்கத்தைத் திருப்பினார்.

விரல் அசையவில்லை.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆய்வேட்டின் டெம்ப்ளேட் தேன்மொழி அக்காவுடையது. இதே துறையில் முன்பே முனைவரானவள். “மேல ஒரே இடத்துல உன் பேரையும் அப்பா பேரையும் மாத்துடி. எல்லாப் பக்கத்துலயும் தானா மாறிக்கும்.”

மாறியிருந்தது.

சமர்ப்பணத்திலும்.

*இந்நாளைக் காண இல்லாமற்போன என் தந்தை, அமரர் மாசிலாமணி அவர்களுக்கு.*

அக்காவின் அப்பா இறந்துபோயிருந்தார்.

ஓரங்களை, வரி இடைவெளியை, அடிக்குறிப்புகளைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தவள் அவள். அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை. அதை யாரும் மதிப்பிடப் போவதில்லை.

அப்பா புத்தகத்தை மூடினார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். மடிப்புக் கலையாத புதுச் சட்டை.

கேள்விகள் முடிந்தன. வெளியூர்த் தேர்வாளர் எழுந்தார். “ஒரு பிழைகூட இல்லாத ஆய்வேடு. இந்தக் காலத்துல அபூர்வம்” என்றார்.

கைதட்டல்.

அறிக்கையில் இன்னும் அவர் கையெழுத்திடவில்லை. பேனாவோடு அவளருகே வந்தார்.

“அப்பா இல்லாம இவ்வளவு தூரம் வந்திருக்கேம்மா. சமர்ப்பணத்தைப் படிச்சேன். மனசு கனத்துப்போச்சு.”

பின்வரிசையிலிருந்து எழுந்து வந்த அப்பா அருகில்தான் நின்றிருந்தார்.

“ஐயா யாரு?”

அவள் தேர்வாளர் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள்.

“சித்தப்பாங்க” என்றார் அப்பா.

“அதான் பாத்தேன். பொண்ணு அப்படியே உங்க சாடை.”

“எங்க அண்ணன் சாடைங்க.”

தேர்வாளர் தலையசைத்தார். குனிந்து கையெழுத்திட்டார்.

அவள் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மை காயும்வரை.

பிறகு படம் எடுக்க எல்லோரும் வரிசையாக நின்றார்கள். மாலை போட்டார்கள். தேர்வாளர் அவள் தோளருகே நின்றார்.

அப்பா வாசற்பக்கம் நகர்ந்துவிட்டிருந்தார். வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். கையில் இன்னும் அந்தப் பிரதி.

“வீட்டுக்காரங்க யாரும் இல்லையா?” என்றார் படம் எடுப்பவர்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

“சித்தப்பா,” என்றாள், “நீங்களும் வாங்க.”

முதல் அழைப்பிலேயே அவர் திரும்பினார்.